பிஸ்கட் மாவு பிசைஞ்ச கை

டால்டா வாசனை வந்தாலே எனக்கு இப்பவும் தோள்பட்டை வலிக்கும். சும்மா சொல்லல. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு பேக்கரியைத் தாண்டிப் போனா போதும், வலது கை தானா கனத்துப் போகும். பதினஞ்சு தீபாவளிக்கு நான் பிஸ்கட் மாவு பிசைஞ்சிருக்கேன். அதுல ஆசைப்பட்டு பிசைஞ்சது எத்தனைன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணுதான். முதல் வருஷம்.

அது எங்கப்பா செத்த வருஷம். தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டிருந்தாரு. ஆவணி மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் வந்து சைக்கிளை ஸ்டாண்டு போட்டாரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்தாரு, அவ்ளோதான். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. தங்கச்சிக்குப் பன்னெண்டு, தம்பிக்குப் பத்து. ரெண்டே மாசத்துல தீபாவளி வந்துடுச்சு. சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் பண்டிகை கிடையாது, அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. முறுக்கு இல்ல, அதிரசம் இல்ல, ஒரு வடை கூட இல்ல. தெரு பூரா முறுக்கு வாசனை, எங்க தம்பி ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். வேணும்னு கேட்டு அழுதிருந்தா ரெண்டு அடி போட்டு உக்கார வச்சிருக்கலாம். அவன் கேக்கவே இல்ல. அதைத்தான் என்னால தாங்க முடியல.

வழி சொன்னது எதிர் வீட்டு பாயம்மா. அவங்க வீட்டுக்காரர் பாத்திரக் கடை வச்சிருந்தாரு. வருஷா வருஷம் ரம்ஜானுக்கு பாயம்மா வீட்லயே மாவு பிசைஞ்சு, தட்டுல அடுக்கி, பேக்கரிக்குக் கொண்டு போய் அங்க இருக்கற விறகு அடுப்புல வேக வச்சு பிஸ்கட் எடுத்துக்கிட்டு வருவாங்க. எங்க ஊர்ல அப்ப எல்லா பேக்கரியிலயும் இப்படி சுட்டுக் குடுப்பாங்க. கூலி வாங்கிக்குவாங்க, சாமானெல்லாம் நம்மளுது.

"எண்ணெய்ச் சட்டி தானேம்மா வைக்கக் கூடாது? இதுக்கு சட்டியும் வேணாம், எண்ணெயும் வேணாம், உங்க அடுப்பைப் பத்த வைக்கவே வேணாம். புள்ளைங்க வாயில ஏதாவது போடுங்க"ன்னாங்க பாயம்மா.

"டால்டா எண்ணெய்ல சேத்தி இல்லியா?"ன்னு அம்மா இழுத்துச்சு.

"அதுதான் கட்டியா இருக்குதே"ன்னாங்க அவங்க. அதுக்கு மேல சட்டம் பேச அம்மாவுக்குத் தெம்பு இல்ல.

பாயம்மா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். மைதா மாவை ரெண்டு தடவை சலிக்கணும். சர்க்கரையைப் பொடி பண்ணணும். அப்புறம் டால்டாவையும் சர்க்கரையையும் அகல பேசின்ல போட்டு உள்ளங்கையால தேய்க்கணும். தேய்க்கணும்னா கொஞ்ச நஞ்சமில்ல, ஒரு மணி நேரம். லேசா மஞ்சளா இருக்கறது வெள்ளை வெளேர்னு ஆகி, ஒரு துளி எடுத்து தண்ணியில போட்டா மிதக்கணும். முழுகிச்சுன்னா மறுபடியும் தேய். அதுக்கப்புறம் தான் மாவு, சோடா உப்பு, ஏலக்காய். உருட்டித் தட்டி அடுக்கினதும் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு அடையாளம் போடணும், ஏன்னா பேக்கரியில பத்து வீட்டுத் தட்டு ஒண்ணா வேகும், மாறிப் போயிடும். பாயம்மா வீட்டுக்கு சாவி முனை. சிலபேர் சோடா பாட்டில் மூடி வைப்பாங்க. எங்க வீட்டுக்கு என்னன்னு நான் சுத்திப் பார்த்தேன், அலமாரியில அப்பாவோட இங்க் பேனா இருந்துச்சு. அதோட மூடியை வச்சு அமுக்கினேன். நடுவுல ஒரு சின்ன வட்டம் விழுந்துச்சு.

அந்த ஒரு மணி நேரம் தான், அப்பா போனதுக்கப்புறம் முதல் தடவையா நான் எதையும் நினைக்காம இருந்தேன். தம்பி நாலு பிஸ்கட்டை ஒரே மூச்சில தின்னுட்டு, "அக்கா, சூப்பர்"ன்னான். அதுல மாட்டினவ தான் நான்.

அடுத்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கலாம். ஆனா அம்மா வைக்கல. "பிஸ்கட்டே போதும்டி, அதான் உனக்கு நல்லா வருதே"ன்னு சொல்லிடுச்சு. அதுக்குள்ள அப்பா வேலையை வாரிசுன்னு எனக்குக் குடுத்திருந்தாங்க. திருவண்ணாமலை தனி மாவட்டமா ஆன புதுசு, ஆபீஸ்ல பேப்பர் மலை மாதிரி குவியும், நான் டைப்பிஸ்ட். காலையில பத்து மணியில இருந்து சாயங்காலம் ஆறு ஆறரை வரைக்கும் தட்டணும். தீபாவளி முடிஞ்ச கையோட கார்த்திகை தீபம் வரும். தீபத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் வர்ற ஊர், அதனால ஐப்பசி பூரா மீட்டிங், மீட்டிங்னு மீட்டிங், அதுக்கெல்லாம் குறிப்பு அடிக்கறது யாரு? லீவுன்னு வாயைத் திறக்க முடியாது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் மிச்சம். அதையும் இந்த பேசின் முழுங்கிடும்.

ரெண்டு கிலோவுல ஆரம்பிச்சது அஞ்சாச்சு, எட்டாச்சு. தெருவுக்கு ஒரு தட்டு, ஆபீசுக்கு ஒரு டப்பா. தங்கச்சியை பெங்களூர்ல கட்டிக் குடுத்ததும் அவ மாமியார் வீட்டுக்கு ஒரு டின். தம்பி மெட்ராஸ்ல வேலைக்குப் போனதும் அவன் ரூம் பசங்களுக்கு ஒரு டின். எனக்கு வந்த வரனெல்லாம் தள்ளிக்கிட்டே போச்சு. அப்புறம் அந்தப் பேச்சையே எல்லாரும் விட்டுட்டாங்க. பிஸ்கட்டை மட்டும் யாரும் விடல.

இதுல எனக்கு எரிச்சலே எங்கம்மா மேல தான். தினம் எங்களுக்கு ஆக்கிப் போடற கை அது. இட்லிக்கு ஆட்டும், சப்பாத்திக்குப் பிசையும், எல்லாம் செய்யும். பிஸ்கட் மாவை மட்டும் தொடாது. ரெண்டு அடி தள்ளி சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "இன்னும் வெளுக்கல", "சோடா உப்பு ஜாஸ்தியா போட்டுடாத"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஒரு தடவை பேசின் வழுக்கி என் மடியில சாஞ்சப்போ கூட அது கையை நீட்டல, தங்கச்சியைத் தான் கூப்பிட்டுச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சம்பாதிச்சுக் கொண்டாந்து போடறவ இதையும் செய்யட்டும்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்குவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "எழுந்திருடி, நான் பார்த்துக்கறேன்"னு ஒருத்தர் சொன்னா போதும்னு இருந்துச்சு. வேற எதுவும் நான் கேக்கல.

தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்துல வந்த வருஷம். எனக்கு மணிக்கட்டு வீங்கிப் போயிருந்துச்சு. டாக்டர் பட்டையைச் சுத்தி விட்டு, "டைப் அடிக்கறதே கம்மி பண்ணிக்கோங்க, பாரம் தூக்கறது, மாவு பிசையறது கூடவே கூடாது"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். வீட்டுக்கு வந்து, "இந்த வருஷம் பிஸ்கட் கிடையாது"ன்னு அறிவிச்சிட்டேன்.

தம்பி போன் பண்ணான். "பிஸ்கட் இல்லாம என்னக்கா தீபாவளி? ரெண்டு கிலோவாவது போடேன்." தங்கச்சி போன் பண்ணா. "எங்க மாமியார் இப்பவே கேட்டுட்டாங்கக்கா, நான் என்ன பதில் சொல்றது?" கை எப்படி இருக்குன்னு ரெண்டு பேரும் கேட்டாங்க, இல்லேன்னு சொல்லல. பிஸ்கட்டைப் பத்திப் பேசி முடிச்சதுக்கப்புறம் கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை மதியம் பாயம்மா அவங்க மாவை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. அது எப்பவும் வழக்கம் தான், ரெண்டு வீட்டு மாவும் எங்க கூடத்துல தான். அவங்க நோன்பு, உதடு காஞ்சு போயிருந்துச்சு, அவங்க மருமக தேய்ச்சுக்கிட்டிருந்தா. அம்மா மெதுவா என் பக்கம் திரும்பி, "இடது கையால கொஞ்சமா பண்ணிப் பாக்கறியா? புள்ளைங்க ஏங்கிப் போயிடும்"னுச்சு.

எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல.

"ஏன், உன் கைக்கு என்ன கேடு? பதினஞ்சு வருஷமா ஒரு நாளாவது இந்த மாவுல கை வச்சியா நீ? நான் என்ன மிஷினா?"ன்னு கத்திட்டேன். பாயம்மா மருமக தேய்க்கறதை நிறுத்திட்டா.

அம்மா தன் கையை மடியில வச்சு அதையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல சொல்லிச்சு.

"நாலு வீட்டுக்குப் போற பண்டிகைப் பலகாரம்டி அது. தாலி அறுத்தவ கை பட்டதுன்னு எவளாவது ஒருத்தி தட்டைத் திருப்பி அனுப்பிட்டா? நீ கல்யாணம் ஆகாத பொண்ணு. உன் பேர்ல ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு தான் நான் ஒதுங்கிக்கிட்டேன். எண்ணெய்ச் சட்டி கூட அதுக்குத்தான் வைக்கல. வீட்டுக்குள்ள நீங்க தின்ற சோறு வேற, வெளியில போறது வேற."

பதினஞ்சு வருஷம் ரெண்டு அடி தூரத்துல உக்காந்திருந்துச்சு எங்கம்மா. அந்த ரெண்டு அடி எதுக்குன்னு நான் ஒரு தடவை கூட கேக்கல. களைப்புல கேக்கத் தோணல. இல்ல, கேக்காம கோவப்படறது சுலபமா இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு, அதுக்கு நடுவுல கோவமும் போகல.

பாயம்மா தான் அம்மாகிட்ட பேசினாங்க. "நானும் உன்னை மாதிரி தான்மா, அவரு போயி மூணு வருஷமாச்சு. நான் செஞ்ச பிஸ்கட்டை இந்தத் தெருவுல யாரு திருப்பி அனுப்பினா? நீயே வாங்கித் தின்ன." 

"உங்க வழக்கம் வேற"ன்னுச்சு அம்மா.

நான் டால்டா டப்பாவைப் பிரிச்சு பேசின்ல கவுத்தேன். சர்க்கரையைக் கொட்டினேன். பேசினை அம்மா முன்னாடி தள்ளினேன். "கையை வை. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு உள்ளங்கையை வச்சு அமுக்கிச்சு. முதல்ல பயந்து பயந்து, அப்புறம் வேகமா. பதினஞ்சு வருஷம் வாயால சொன்னதெல்லாம் கைக்கும் தெரிஞ்சிருந்துச்சு, முக்கா மணி நேரத்துல வெளுத்துடுச்சு. பேனா மூடியை மட்டும் என்கிட்ட குடுத்துச்சு. இடது கையால நான் அமுக்கினேன், பாதி வட்டம் கோணலா விழுந்துச்சு. அன்னிக்கு பேக்கரியில ரெண்டு பண்டிகைக் கூட்டம். தட்டுங்களைப் பாயம்மா மருமக ஆட்டோவுல கொண்டு போய், சாயங்காலம் நோன்பு திறக்கற நேரத்துக்குத் திரும்பி வந்தா.

தீபாவளி அன்னிக்குக் காலையில தட்டுல துணி மூடி நான் கிளம்பினேன். அம்மா வாசல் வரைக்கும் வந்து, "நீ ஒண்ணும் சொல்லாத, பேசாம குடுத்துட்டு வந்துடு"ன்னுச்சு. நான் சரின்னு தலையாட்டினேன்.

மூலை வீட்ல ஒரு ரிட்டையர்டு டீச்சர் இருந்தாங்க. தெருவுலயே வாய் ஜாஸ்தி அவங்களுக்குத்தான். அம்மா பயந்ததெல்லாம் அவங்களை மாதிரி ஆளுக்குத்தான். துணியை விலக்கிப் பார்த்து, "வட்டம் ஏன் இந்த வருஷம் கோணலா இருக்குது?"ன்னாங்க.

"எனக்கு கை வலி டீச்சர். மாவு எங்கம்மா பிசைஞ்சாங்க"ன்னேன்.

"அதனால என்ன?"ன்னாங்க. ஒண்ணை எடுத்து வாயில போட்டு மென்னுக்கிட்டே, "உன்னுதை விட நல்லா இருக்குதே. கைக்கு வெந்நீர் ஒத்தடம் குடு"ன்னு ஒரு கை அள்ளிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அதனால என்ன. அவ்ளோதான். நான் தட்டோட அந்த வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன். பதினஞ்சு வருஷத்துல யாராவது ஒருத்தர் போய்க் கேட்டிருந்தா இந்த ஒரு வார்த்தை அப்பவே கிடைச்சிருக்கும். அப்பவும் இதையே சொல்லியிருப்பாங்களான்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

இன்னும் அஞ்சு வீட்டுக்குப் போனேன், எல்லா வீட்லயும் சொன்னேன். நாலு வீட்ல சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க. ஒரு வீட்ல மட்டும் வாங்கி வெளி ஜன்னல் மேலயே வச்சுட்டாங்க, உள்ள எடுத்துக்கிட்டுப் போகல. அதை நான் அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

வீட்டுக்கு வந்தப்போ அம்மா நான் விட்டுட்டுப் போன இடத்துலயே நின்னுக்கிட்டிருந்துச்சு.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"அதனால என்னன்னாங்க. என்னுதை விட நல்லா இருக்குன்னாங்க."

அம்மா தட்டை என் கையில இருந்து வாங்கிச்சு. டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதி கடிச்சு, நிதானமா மென்னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா அழல.

"ஏலக்காய் கம்மி. அடுத்த வருஷம் சரி பண்ணிக்கறேன்"னுச்சு. அப்புறம் என் மணிக்கட்டுல இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்து, "நீ போய்ப் படுடி. தெருவுக்குக் குடுக்க வேண்டியது இன்னும் இருந்தா நான் பார்த்துக்கறேன்"னுச்சு.

வெளியில வெடிச் சத்தம் காதைப் பிளந்துக்கிட்டிருந்துச்சு. நான் பாயை விரிச்சுப் படுத்தேன். சாயங்காலம் வரைக்கும் தூங்கினேன்.