கோடில்லாத அணில்கள்

அணில் என்றால் அழகு என்று சொல்பவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. தொண்ணூறுகளின் நடுவில், பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் ஒரு கீழ்வீட்டில் இருந்தோம்: அண்ணை, அண்ணி, பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நான். வாசலில் ஒரு துண்டு மண் இருந்தது. புல்லும் இல்லை, பூவும் இல்லை. வருகிற மே மாதமும் அது இப்படிச் சேறாகவே கிடந்தால் தார் ஊற்றிக் கார் நிறுத்த விடப்போவதாக வீட்டுக்காரர் அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சன்னலுக்கு நேரே ஒரு காரின் புகைக்குழாய். நான் விடுவேனா? அடுத்த நாளே, பனிக்கு முன் நட்டால் மே மாதம் பூக்கும் என்ற நாற்பது டியூலிப் கிழங்குகளோடு வந்து இறங்கினேன்.

எப்படி நடுவது என்று யாரையும் கேட்கவில்லை. ஊரில் பள்ளி விடுமுறை முழுக்க வெங்காயம் நட்டு முதுகு முறிந்தவன் நான். இதுவும் பார்வைக்கு வெங்காயம்தான். பாத்தி கட்டி, நான்கு விரல் இடைவெளியில், நுனி வெளியே தெரிய வரிசையாக ஊன்றித் தண்ணீரும் விட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை பாத்தி முழுக்கக் குழிகள். படிக்கட்டில் ஒரு கொழுத்த சாம்பல் அணில் என் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன். படவில்லை. அது ஓடவுமில்லை. மூன்று படி மேலே போய் மிச்சத்தைத் தின்றது.

அண்ணி மிளகாய்த்தூள் போத்தலைத் தந்தார். "தூவி விடும். மூக்கு எரிஞ்சா வராதுகள்."

தூவிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டுப் பால்கனியிலிருந்து குரல் வந்தது. சென்னைக்கார அம்மா, கணவர் பேராசிரியர்.

"ஏம்பா, என்ன தூவுற? அதுங்க கண்ணு எரியுமே. சாமி தடவிக் கொடுத்த ஜீவன்பா."

"அது முதுகில மூண்டு கோடு போட்ட அணில், அன்ரி. இதுக்கு எங்க கோடு?"

"கோடு இல்லேன்னா பசிக்காதா?" என்றபடியே ஒரு கைப்பிடி வேர்க்கடலையை என் பாத்தியின் மேலேயே கொட்டினார்.

மத்தியானம் மழை பெய்து தூள் கரைந்துபோனது. இரண்டு நாள் சன்னலில் நின்று பார்த்தேன். அணில்கள் கிழங்கைத் தேடி வரவேயில்லை. கடலையைப் புதைக்க இளகிய மண்ணைத் தேடி வந்தன. கிண்டும்போது கிழங்கு அகப்பட்டது. மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

"உங்கட கடலையைப் புதைக்கத்தான் அதுகள் என்ர பாத்தியைக் கிண்டுதுகள்."

"நீ எவ்வளவு ஆழத்துல நட்ட?"

"நுனி தெரிய."

"வெங்காயமா அது?" அவர் சிரித்தார். "பாக்கெட்ல போட்டிருப்பானே, படிக்கலையா? இன்ஜினியரிங் படிக்கிற பையன்தானே நீ?"

கீழே வந்து குப்பையிலிருந்து பையை எடுத்தேன். இரண்டு மொழியில் எழுதி, படமும் போட்டிருந்தது. இருபது சென்டிமீட்டர், ஒரு சாண் ஆழம். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அணிலைவிட அதிகம் எரித்தது.

மிஞ்சியவை பதினேழு. விரல் மரத்துப்போகும் குளிரில் ஒரு சாண் தோண்டி ஒவ்வொன்றாக வைத்தேன். மண்ணை இறுக மிதித்து, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலையை விரித்து, ஓரமெல்லாம் கல் ஏற்றினேன். மேலேயிருந்து கடலை விழுந்தது. அணில்கள் வந்தன, வலையைப் பிறாண்டின, என்னைப் பார்த்துக் கத்தின. நான் சன்னலுக்குள் நின்று பதிலுக்குத் திட்டினேன். பனி மூடும்வரை எங்களுக்குள் இதுதான் பேச்சு.

மே மாதம் வலைக்கண்களுக்குள்ளால் பதினாறு பூ வந்தது. எல்லாம் சிவப்பு. வீட்டுக்காரர் வந்த சனிக்கிழமை நான் வாசலில்தான் நின்றேன். அவர் பாத்தியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பால்கனியில் நின்ற மேல்வீட்டு அம்மாவைப் பார்த்தார்.

"ப்ராவோ, மடாம்."

பூவெல்லாம் அந்த அம்மா நட்டது என்று நினைத்து, இனித் தார் ஊற்றுவதில்லை என்று பிரெஞ்சில் அவரிடமே சொன்னார்.

"மெர்சி," என்று நன்றி சொன்னார் மேல்வீட்டு அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

மண் தப்பியது. வாயைத் திறந்து அதைக் கெடுக்காதே என்று கதவருகே நின்ற அண்ணி கண்ணைக் காட்டினார். நான் திறக்கவில்லை. அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை அந்த அம்மாவோடும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.