நளினியின் காரும் என் வீட்டுக்காரரின் கட்டையும்

என் நாத்தனார் நளினி வாங்கிய காரில் இரண்டே சீட்டு. இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைகள் எங்கே உட்காரும் என்பதுதான். நளினிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்லாத பிள்ளைகளுக்கு சீட்டு தேடிக் கவலைப்படுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவள் எங்கள் மலை டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில், இப்போது நானும் என் வீட்டுக்காரர் குணாளனும் குடியிருக்கும் இதே வீட்டில். என் மாமனார் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டியவர். அவருக்குப் பிறகு அந்த வேலை இவருக்கு வந்தது. நான் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் பேக்கிங் செய்கிறேன்.

கொழுந்து லோரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மேட்டில் நிற்க வேண்டிய வண்டி. மூட்டைகளை எடை போட்டு ஏற்றி முடிக்கும்வரை ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்த எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை போட்டாக வேண்டும். அதையும் அவசரப்பட்டுப் போடக்கூடாது. வண்டி இன்னும் கொஞ்சம் அசைந்தால் விரல் போய்விடும். அதனால் கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, ‘போடட்டா?’ என்று கேட்க வேண்டும். ஸ்டியரிங்கில் இருப்பவர் ‘போடு’ என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும்.

பள்ளி விடுமுறையில் என் மாமனார் இரண்டு பிள்ளைகளையும் லோரியில் ஏற்றிக்கொள்வார். மகனுக்குக் கால் எட்டியதும் தோட்டத்து மண் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுத்தார். மகளிடம் கட்டையைக் கொடுத்தார். மழையிலும் சேற்றிலும் குதித்து இறங்கி, ‘போடட்டாண்ணே?’ என்று கேட்டுப் போட்டது நளினிதான். தனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு கிளட்ச் என்று சிரித்துவிட்டாராம். இதை அவள் கோபமாகச் சொல்ல மாட்டாள். எனக்குத்தான் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு படித்து, வேலைக்குப் போய், லைசென்ஸையும் மேனுவலில் எடுத்தாள். ஆனால் அதற்கப்புறம் அவள் ஓட்டியதெல்லாம் கியரைத் தானே போட்டுக்கொள்ளும் பழைய ஆட்டோ மைவி கார். திடீரென்று போன வருஷக் கடைசியில், ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு புக் பண்ணியிருப்பதாகச் சொன்னாள். அதுவும் மேனுவல். ஆட்டோவும் கிடைக்கும்போது ஏன் இதை எடுத்தாய் என்று இவர் கத்தினார். கியர் போடத்தான் அதையே வாங்குகிறேன் என்று அவள் சொன்னாள்.

மலைக்குக் கீழே ஈப்போவில் காரை எடுக்கப் போன சனிக்கிழமை நான்தான் துணைக்குப் போனேன். அண்ணன் போகலாம் என்றால், இரண்டாவது சீட்டில் அவர் உட்கார்ந்து பாடம் நடத்துவார் என்று நளினி பயந்தாள். அவரோ விடுவதாக இல்லை. தன் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கார் கருநீலம். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். கதவைச் சாத்தியதும் பக்கத்தில் போகிற லோரியின் சக்கரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. நளினி சீட்டை முன்னுக்கு இழுத்தாள், பின்னுக்குத் தள்ளினாள், கிளட்சை மிதித்துப் பார்த்தாள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். ஷோரூம் வாசலிலேயே இன்ஜின் நின்றது. காரை ஒப்படைத்த பையன் பார்க்காததுபோல் போனை எடுத்துக்கொண்டான், நல்ல பிள்ளை.

சிம்பாங் பூலாயில் மலை ரோடு தொடங்கியது. முதல் சில வளைவுகளில் கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. பிறகு மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. கியர் கம்பி குட்டையானது. மணிக்கட்டைத் திருப்பினாலே டக்கென்று விழும். இரண்டாவதில் வளைவுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது மூன்றாவதுக்கு மாற்றினால் இன்ஜின் சத்தம் முதுகு வழியாக ஏறியது. ரோட்டில் இருக்கிற சின்னப் பள்ளம்கூட உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத் தெரிந்தது. மைவியில் இதே ரோட்டில் எத்தனையோ முறை வாந்தி எடுத்தவள் நான். அன்றைக்கு எடுக்கவில்லை. பயத்தில் வயிறு தன் வேலையை மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“இந்தக் காரு நான் செய்யறதத்தான் செய்யுது அண்ணி. நல்லா செஞ்சா நல்லா போவுது, தப்பா செஞ்சா மூஞ்சியில அடிச்ச மாதிரி நின்னுடுது. மைவி எல்லாத்தயும் அதுவே பாத்துக்கும் லா. இது என்னையக் கேக்குது.”

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

கம்போங் ராஜா நெருங்கும்போது வந்தது வினை. காய்கறி லோரி ஒன்று மேட்டில் பழுதாகி நின்றுவிட, பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் ஸ்ட்ராபெர்ரி பறிக்க வந்த வெளியூர் வண்டிகள். மேட்டில் நிறுத்தினால் கார் தானாகவே கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும் என்று ஷோரூம் பையன் சொல்லியிருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் நளினிக்குப் போதவில்லை. கிளட்சை விட்டாள், இன்ஜின் நின்றது, கார் பின்னால் உருண்டது. ஒரு முழம்தான் இருக்கும். பின்னால் இவர் ஹாரன் அடித்த அடியில் முன்னால் நின்ற டூரிஸ்டெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்ததாக என் வீட்டுக்காரர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிக்கப்பிலிருந்து இறங்கி, கொழுந்து லோரிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதை ஈப்போவுக்கே கொண்டுவந்திருக்கிறார், மனுஷன். புத்தம் புது ஸ்போர்ட்ஸ் காரின் பின் சக்கரத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டையைச் சொருகினார். வரிசை நகர்ந்தது, நளினி நகர்ந்தாள், இவர் கட்டையை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்கு ஓடினார். மறுபடி நின்றது, மறுபடி ஓடி வந்தார். இப்படியே அந்த மேடு முடியும்வரை. அத்தனை நேரமும் அவருடைய பிக்கப் அதே மேட்டில் வெறும் ஹேண்ட் பிரேக்கில் நின்றது. தன் வண்டிக்கு மட்டும் கட்டை வேண்டாமாம்.

யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். நளினி கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள். கன்னம் சிவந்துபோனது.

வீட்டுக்கு வந்ததும் இவர் தீர்ப்பு சொன்னார். புது வண்டி என்றால் மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் ஓட வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயில் மேட்டு உச்சியில் இருக்கிறது. வண்டி அம்மனைப் பார்த்து நிற்க வேண்டும், அப்படியென்றால் மேட்டைப் பார்த்துத்தான் நிற்கும். நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் பழம் வைப்பார்கள். நசுக்கிக்கொண்டு நேராக மேலே ஏற வேண்டும். பழம் நசுங்குவதற்கு முன் வண்டி பின்னுக்கு உருண்டால் அந்த வண்டி குடும்பத்துக்கு ஆகாது என்பது இங்கே எல்லாரும் நம்புகிற விஷயம்.

அவர் தங்கையிடம் சொன்னது இதுதான்: வெள்ளிக்கிழமை பூசை. அவரே ஓட்டி நசுக்கிக் கொடுப்பார். இல்லை, அவளேதான் ஓட்டுவாள் என்றால், ஒரு அங்குலம் பின்னுக்குப் போனாலும் காரை விற்றுவிட்டு ஆட்டோ எடுக்க வேண்டும்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பின்னுக்கு உருளும் வண்டி என்றால் அவருக்கு உயிரே போய்விடும், லோரிக்காரர் பிள்ளை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தெட்டு வயசுப் பெண்ணிடம், அவள் சம்பாத்தியத்தில் வாங்கிய காரைப் பற்றிப் பேச இவர் யார் என்று கேட்டேன். நளினி என்னைத் தடுத்தாள். தானே ஓட்டுவதாகச் சொன்னாள். பின்னுக்குப் போனால் விற்றுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டாள். அந்தக் காரை அவள் எவ்வளவு ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் நளினி வந்து என்னை ஏற்றிக்கொள்வாள். ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நிறுத்துவாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எண்ணெய்ப் பெடலை மிதித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காரின் மூக்கு லேசாகத் தூக்கும் இடத்தைத் தேடுவாள். கிடைத்தால் ஹேண்ட் பிரேக்கை விடுவாள். சில நாள் கிடைத்தது, சில நாள் வழுக்கியது. மழை பெய்தால் ஒன்றுமே சரியாக வரவில்லை. வியாழக்கிழமை ரப்பர் கருகிய வாசனையோடு வீட்டுக்கு வந்து, நானும் அவளும் தேநீர் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை மழை இல்லை, பனிமூட்டம் மட்டும்தான். கோயில் மேட்டில் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். காருக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, பூசாரி கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு முன்னால் பழங்களை வைத்தார். நளினி உள்ளே உட்கார்ந்திருந்தாள். இவர் காருக்குப் பின்னால் கட்டையும் கையுமாக நின்றார்.

இன்ஜின் உறுமியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. இன்ஜின் ஆஃப். நளினி பிரேக்கை மிதித்துவிட்டாள். நான்கு பழமும் அப்படியே இருந்தன, கார் உருளவில்லை. இவர் பாய்ந்து போய்ப் பின் சக்கரத்தில் கட்டையைச் சொருகிவிட்டார்.

கட்டை இருந்தால் எந்தக் கழுதையும் மேலே ஏற்றிவிடும், கார் எப்படியும் உருளாது. நளினிக்கு அதில் லாபம்தான். பேசாமல் கிளப்பிப் போயிருக்கலாம். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். பின்னால் போய்க் குனிந்து கட்டையை உருவினாள். அண்ணன் கையில் கொடுத்தாள்.

“நான் சொல்லாம போடாதண்ணே,” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

அவர் கட்டையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

நளினி மறுபடி உட்கார்ந்தாள். இன்ஜின் சத்தம் ஏறியது. நான் காரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், வாரம் முழுக்கப் பார்த்த மூக்கு. அது லேசாகத் தூக்கியது. அடுத்த நொடி நான்கு பழமும் பட்டென்று நசுங்கின, கார் நேராகக் கோயில் வாசலுக்கு ஏறிப் போனது. ஒரு அங்குலம்கூடப் பின்னுக்கு வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசாரி குங்குமத்தை என் நெற்றியில் தாறுமாறாகப் பூசிவிட்டுப் போனார்.

சாமி கும்பிட்ட பிறகு நளினி அண்ணனைக் காரில் ஏறச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முட்டிக்கால் இரண்டையும் நெஞ்சுவரைக்கும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டை மடியில் இருந்தது. வீடுவரைக்கும் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தேயிலைக்கு நடுவே இருக்கிற குறுக்குப் பாதையில் இறங்கி, அவர்களுக்கு முன்னாலேயே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டு வாசலும் மேடுதான். நளினி காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். இவர் கஷ்டப்பட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து, கட்டையோடு பின்னால் போனார். போட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.

அவர் போடவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். கட்டையைக் கையில் பிடித்தபடி தலையைத் தூக்கி, டிரைவர் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்:

“போடட்டா ம்மா?”

நளினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் காத்திருந்தார், அவள் சின்னப் பிள்ளையில் காத்திருந்தது மாதிரியே.

“போடுண்ணே,” என்றாள் நளினி.

அவர் கட்டையைப் போட்டார்.