பேரனுக்கென்று சொல்லிச் செய்த ரயில் பெட்டிகள்

2006 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை, மாலை நாலே கால் மணி. மறுநாள் தீபாவளி. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல், காற்று இல்லை. மாடி அறையில் இருந்தேன். வாசலில் மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்தும் அம்மா, பின்சீட்டில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்.

அடுத்த வாரம் நானே பட்டறைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். தீபாவளிக்கு மகனும் மருமகளும் சென்னையிலிருந்து வருவார்கள்; அவர்கள் திரும்பிப் போன பிறகு பெட்டியைக் கொண்டுவந்து மாடியில் ஏற்றிவிடலாம் என்பது என் கணக்கு. இப்போது மகனும் என் மனைவியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் மருமகளும்தான். மாடிப்படி பதினெட்டு. நான் பாதி இறங்குவதற்குள் மருமகள் கதவைத் திறந்துவிட்டாள்.

நான் ஏன் பதறினேன் என்பதற்கு முன்கதையைச் சொல்ல வேண்டும்.

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ரயில் மாடல்களில் மனம் போயிற்று. பழைய கதவுப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் பதித்து, மின்சாரத்தில் ஓடும் உள்ளங்கை நீள இன்ஜினை ஓட்டுவது. இன்ஜினும் தண்டவாளமும் ஜெர்மனியிலிருந்து நண்பர் ஒருவரின் மகன் வாங்கி வந்தவை. எங்கள் ஊர் வழியாகப் போன மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. ஒன்பது மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூற்றுப் பதினொன்றில் ஒரு பங்கு. அதே பங்கில் நம்முடைய மீட்டர் கேஜ் பெட்டியைச் செய்தால் நீளம் பதினேழரை சென்டிமீட்டர், அகலம் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அப்படி ஒரு பெட்டியை உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. என் பலகையில் விருத்தாசலம் ஜங்ஷன் என்று நான் எழுதி ஒட்டிய பெயர்ப்பலகையைக் கடந்து, பனி படிந்த நாட்டுப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலுக்குக் கம்பி கூடக் கிடையாது.

இதே பைத்தியம் பிடித்த இரண்டு பேர் எனக்குக் கடிதப் பழக்கத்தில் இருந்தார்கள். ஒருவர் சென்னையில் டாக்டர், இன்னொருவர் திருச்சியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தயாரிப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் கடிதங்களில் பாதி. ஒரு கம்பெனிப் பெட்டியின் கொக்கி இன்னொரு கம்பெனிப் பெட்டியில் மாட்ட வேண்டும். உடைந்த சக்கரத்தைத் தனியாக விற்க வேண்டும், அதற்காக முழுப் பெட்டியையும் வாங்க வைக்கக் கூடாது. இன்ஜின் மெதுவாக ஓட வேண்டும், எலி மாதிரி பாயக் கூடாது. எங்களைப் போல நாலு பேர் கேட்டாலும் நாலே நாலு செய்து தர மனம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைப் பொம்மை என்று நினைக்கக் கூடாது. கடைசி வரியின் கீழ் நான் இரண்டு கோடு போடுவேன். இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டுக் கம்பெனிகள் நாலுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. விலைப்பட்டியல் புத்தகம் ஒன்று. அட்டையில் ஒரு சின்னப் பையன் தரையில் படுத்து ரயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு இது இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று நினைத்தேன். இங்கே பீங்கான் சூளைக்குப் பஞ்சமா? மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றிப் பிள்ளையார் செய்கிறவர்களுக்கு, ஒரு ரயில் பெட்டிக் கூடு செய்வதா பெரிய காரியம்? அடியில் சக்கரச் சட்டம் என்னிடம் இருந்தது. மேல் கூடு மட்டும் போதும். மூன்று பேருக்கும் தலைக்கு நாலு, மொத்தம் பன்னிரண்டு பெட்டி என்று பேசி முடித்து, மற்ற இருவரும் பங்குப் பணத்தை மணியார்டரில் அனுப்பினார்கள்.

பட்டறை தொழிற்பேட்டைக்குப் பின்னால். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பெண்கள் உட்கார்ந்து பொம்மைகளின் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் வரைபடத்தை விரித்தேன். சுட்டால் மண் சுருங்கும், அதற்கும் சேர்த்து அளவு போட்டிருக்கிறேன் என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குது சார். யாருக்குங்க?"

மூன்று பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அறுபத்தாறு வயது. வெள்ளைச் சட்டை. ஊரில் பாதிப் பேர் என்னை ஆடிட் சார் என்று கூப்பிடுகிறவர்கள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பேரனுக்கு" என்றேன்.

"எத்தினி வயசு?"

"நாலு."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதுவரை வாடிக்கையாளரைப் பார்த்த முகம். அதன் பிறகு ஒரு தாத்தாவைப் பார்த்த முகம்.

என் மகனுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருடம். குழந்தை இல்லை. இரண்டு முறை உண்டாகி நிற்காமல் போயிற்று. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நல்ல நாளில் வரும் உறவுக்காரர்கள் எடுக்காமல் பார்த்துக்கொள்வதே என் மனைவிக்கு ஒரு வேலை. இது தெரிந்த நான்தான், மூன்று பெண்கள் சிரித்துவிடுவார்களே என்று பயந்து, இல்லாத பிள்ளைக்கு வயதும் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அந்த அம்மா போன் செய்தார். ஒன்று மட்டும் சுட்டு வைத்திருப்பதாகவும், வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் மீதியைச் சுடுவதாகவும் சொன்னார். நான் போகவில்லை. போனால் பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். நீங்கள் பார்த்துச் செய்தால் சரிதான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தணிக்கையில் இருந்தவரை இருப்பைக் கண்ணால் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. உர மூட்டையை ஏறி நின்று எண்ணியவன். என் சொந்தச் சரக்கைப் பார்க்கப் போக எனக்கு வெட்கம்.

இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை மாலைக்கு வந்து சேர்ந்தேன்.

நான் கூடத்துக்கு வந்தபோது அந்த அம்மா பெட்டியை இறக்கித் தரையில் வைத்திருந்தார். புடவைத் தலைப்பால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே என் மருமகளைப் பார்த்துச் சிரித்தார்.

"பண்டிக நாளுக்குள்ள புள்ள கையில இருக்கணும்னு ஓடியாந்தேன் சார். இவங்கதான் மருமகளா? எங்கேம்மா பேரப்புள்ள?"

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

"உள்ள தூங்கறான்" என்றாள் மருமகள்.

அந்த அம்மா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். செருப்பைக் கூட ஓசைப்படாமல் ஓரமாகத் தள்ளினார். வைக்கோலைக் கொத்துக் கொத்தாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக வெளியே எடுத்து, ரகசியம் பேசுவது போல எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னார்.

பதினேழரை சென்டிமீட்டர் குழந்தை கைக்கு அடங்காது என்று பாதியாகக் குறைத்திருந்தார். மூலைகள் உதட்டைக் கிழித்துவிடும் என்று எல்லாவற்றையும் உருண்டையாக வழித்திருந்தார். ஜன்னல் கம்பிகளில் சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். அதனால் கம்பியே இல்லை, ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் பள்ளம். பக்கவாட்டில் நான் ஒன்று விடாமல் எண்ணிக் குறித்திருந்த தகடு இணைக்கும் ஆணித் தலைகள், கை உரசும் என்று மழுங்கிவிட்டன. சைக்கிள் கம்பியை வெட்டி அச்சாணி போட்டு, சக்கரங்களையும் மண்ணிலேயே செய்து கோத்திருந்தார். முன்னும் பின்னும் கயிறு கட்ட ஓட்டை.

"வாயில வெப்பான் இல்ல? அதான் பெயிண்டே அடிக்கல. எல்லாம் மேல பூசிச் சுட்ட கலருதான், நக்குனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

கடைசியாக, துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றைப் பிரித்தார். நான் கேட்காத இன்ஜின். நீலம். முன்பக்கத்தில் இரண்டு கண், சிரிக்கிற வாய். இதற்குக் காசு வேண்டாம், பிள்ளைக்குத் தன் தீபாவளி என்று சொல்லி மருமகள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் மூவரின் கோரிக்கைகளில் ஒன்று கூட அந்தப் பெட்டிகளில் நிறைவேறவில்லை. குறை சொல்லவும் இடமில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு ரயில் எப்படி இருக்க வேண்டுமோ, அந்த அம்மா ஒவ்வொரு இடத்திலும் யோசித்து அப்படியே செய்திருந்தார். இப்படி யோசித்துச் செய்கிற ஒருவருக்காகத்தான் நாங்கள் அத்தனை கடிதம் எழுதினோம். யாருக்கு என்பதை மட்டும் நான் சரியாகச் சொல்லியிருந்தால், கம்பியும் ஆணியும் அதே கவனத்தோடு வந்திருக்கும்.

மருமகள் உள்ளே போய் முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் அந்த அம்மா, எழுந்ததும் காட்டுங்கள், என்ன சொன்னான் என்று எனக்குச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொபெட்டை வீட்டு முன்னால் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார்.

நான் கதவைச் சாத்தினேன். மருமகள் தரையில் உட்கார்ந்து வைக்கோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பேரு ஏதாவது சொன்னீங்களா மாமா?"

"இல்லம்மா."

"சரி."

அதற்கு மேல் ஏதாவது கேட்பாள் என்று நின்றேன். கேட்கவில்லை. பிறகு நானேதான் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினேன். எட்டு வருடத்தில் அந்த அறையின் பூட்டை அவளுக்காகத் திறந்தது அன்றைக்குத்தான். பழைய தணிக்கைக் காகிதம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். இன்ஜினை ஒரு சுற்று ஓட்டினேன். அவள் குனிந்து பெயர்ப்பலகையைப் படித்தாள்.

"எனக்குத்தான் வேணும்னு சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"சிரிப்பாங்களேன்னு..."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள். மகனிடமோ என் மனைவியிடமோ அவள் எதுவும் சொல்லவில்லை என்பது அன்று இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தேன். கூடத்து ஷோகேஸில் கீழ்த்தட்டைத் துடைத்து, நீல இன்ஜினையும் அதன் பின்னால் நாலு பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தாள். கயிறு இல்லை. ஓட்டைகள் வெறுமையாக இருந்தன. நான் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பு நாடா வாங்கி வந்து கொடுத்தேன். அவளே கோத்து முடிச்சுப் போட்டாள்.

டாக்டருக்கும் திருச்சிக்காரருக்கும் அளவு தவறிவிட்டது என்று எழுதி அவர்களுடைய பணத்தைத் திருப்பி அனுப்பினேன். யாருடைய தவறு என்று எழுதவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பட்டறைக்குப் போனேன். அகல் விளக்கு வேலை மும்முரம். வாசல் வரை தட்டுத் தட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"புள்ளைக்குப் புடிச்சிருந்துதா சார்?"

"பிடிச்சிருந்தது" என்றேன்.

"அச்சு உங்குளுதுதான். காசு குடுத்தது நீங்க. பத்தரமா வெச்சிருக்கேன், அடுத்த பேரப்புள்ளைக்கு ஆவும்."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சுக்கூலி அறுநூறு. பெட்டி பன்னிரண்டு, ஒன்று நாற்பத்தைந்து வீதம் ஐந்நூற்று நாற்பது. நண்பர்களுக்குப் பணம் திருப்பி அனுப்பிய மணியார்டர் கமிஷன் முப்பத்தெட்டு. நாடா நாலு. ஆக மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு ரூபாய்.