இருபத்தைந்து மைக்ரோகிராம் சண்டைகள்

பொது மருத்துவம் என்கிற இந்தத் தொழிலில் பாதி நேரம் நோயோடு சண்டை, மீதி நேரம் நோயாளி கையில் இருக்கும் காகிதத்தோடு சண்டை.

மும்பை தாராவியில் ஒரு சந்து முனையில் என் கிளினிக். செம்பூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறேன். உள்ளே நான், வெளியே கம்பவுண்டர் ஞானராஜ். திருநெல்வேலிக்காரர்; நோயாளி என்னிடம் சொல்லப்போவதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர முடியும். காய்ச்சல், இருமல், சொறி எல்லாம் வருகின்றன. ஆனால் இப்போதெல்லாம் மேஜைமேல் அதிகம் விழுவது தைராய்டு ரிப்போர்ட்தான்.

விஷயம் சின்னது. கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி சோம்பிவிட்டால் அதன் வேலையை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை செய்ய வேண்டும். டி.எஸ்.எச். என்று ரிப்போர்ட்டில் வருவது, அந்தச் சுரப்பியை எழுப்ப மூளை போடும் அதட்டல். அந்த எண் ஏறினால் மாத்திரை போதவில்லை. ஒரேயடியாக இறங்கினால் மாத்திரை அதிகம். இருபத்தைந்து மைக்ரோகிராம் ஏற்றுவது, பன்னிரண்டரை இறக்குவது என்று வாழ்நாள் முழுக்கத் தராசு பிடிக்க வேண்டும். நானும் அந்த மாத்திரையை விழுங்குகிறவன்தான். ஆகவே, காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கடிகாரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நார்மல்

மெர்சி தோல் பை தைக்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறாள். முப்பது வயது இருக்கும். கணவன் சாமுவேல் டெம்போ ஓட்டுகிறான். கல்யாணமாகிச் சில வருடம்; ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகுதான் தைராய்டு என்று தெரிந்து, வேறொரு டாக்டர் ஐம்பது மைக்ரோகிராம் ஆரம்பித்திருந்தார். என்னிடம் வந்தபோது அவள் முகம் உப்பியிருந்தது. மதியத்துக்கு மேல் மிஷினில் உட்கார்ந்தால் தூக்கம் தள்ளுகிறது, வெயில் காலத்திலும் கால் குளிர்கிறது என்றாள். சாமுவேல் ரிப்போர்ட்டை நீட்டினான். டி.எஸ்.எச். எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு. "நார்மல்னு போட்டுருக்கு டாக்டர். இவ சும்மா சொல்லுதா" என்றான்.

நான் யோசித்தேன். எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதா, ஆளுக்கா? சோர்வுக்கு ஆயிரம் காரணம் உண்டு. எல்லாவற்றையும் தைராய்டு தலையில் கட்ட முடியாது. ஆனால் இவள் மறுபடி ஒரு குழந்தைக்கு ஆசைப்படுகிறாள். அப்படியானால் அந்த எண் இன்னும் கீழே இருக்க வேண்டும். ரத்தசோகைக்கும் சோதனை எழுதினேன், மாத்திரையை அறுபத்திரண்டரைக்கு ஏற்றினேன், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னேன். சாமுவேல் விடவில்லை. நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்த பிறகு எதற்கு ஏற்ற வேண்டும் என்று என்னிடம் கேட்டான். பதில் அவளிடமிருந்து வந்தது:

"ரிப்போர்ட்டு நார்மலா இருக்குல்லா? அப்ப நாளைக்கு மிஷின்ல அதைக் கொண்டுபோய் உக்கார வையுங்க. நான் வீட்ல படுத்துக்கிடுதேன்."

பரீட்சைக்கு முந்தின வாரம்

நவி மும்பை ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு இளைஞன். அப்பா அம்மா தாராவியில், அவன் அங்கே. தமிழ் பேசுவான், படிக்க வராது. அவனுடைய ரிப்போர்ட் என்னைக் குழப்பியது. ரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருக்கிறது. ஆனால் மூளையின் அதட்டலும் உச்சத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வரக் கூடாது. லேப் தப்பா, அபூர்வ வியாதியா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று என்னென்னவோ யோசித்தேன். என் புத்தி எப்போதும் முதலில் பயங்கரமான இடத்துக்குத்தான் போகும்.

கடைசியில் நேராகக் கேட்டேன். இரண்டு மாதம் மாத்திரையைத் தொடுவதில்லை. டெஸ்டுக்கு முந்தின வாரம் தினமும் இரண்டு இரண்டாக விழுங்குகிறான். ஹார்மோன் சட்டென்று ஏறிவிடும். அதட்டல் இறங்க வாரக்கணக்கில் ஆகும். இதை நம்பி நான் டோஸைக் கூட்டியிருந்தால் உன் இருதயம் குதித்திருக்கும் என்று சத்தம் போட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"அரே அங்கிள், டென்ஷன் மத் லோ, டென்ஷன் ஆகாதீங்க. காலேஜ்ல எல்லா செமஸ்டரும் நான் இப்படித்தான் பாஸ் பண்ணேன்."

மாமாவின் காபி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுங்காவில் ஒரு நண்பரின் கிளினிக்கில் உட்காருவேன். அங்கே விஸ்வநாதன் மாமா வருவார். பாலக்காட்டுப் பூர்வீகம், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரையை ஒருநாள் தவறவிட்டதில்லை. ஆனாலும் எண் இறங்கவில்லை. ஐம்பதை எழுபத்தைந்து ஆக்கினேன், எழுபத்தைந்தை நூறாக்கினேன். அசையவில்லை. பிறகுதான் தெரிந்தது: அவருக்கு மாத்திரை உள்ளே போகிற வாகனமே டிகாக்‌ஷன் காபி. காபி அந்த மாத்திரையைப் பாதி வழியிலேயே மடக்கிவிடும், தண்ணீரில் விழுங்கி ஒரு மணி நேரம் காத்திருங்கள் என்றேன். "எங்க சேர்மன் வந்து நின்னப்போகூட நான் காபியை ஆற விட்டதில்லை. இந்தக் கடுகுக்கா காத்துண்டிருக்கணும்?" என்று கொதித்தார். மாமி கொதிக்கவில்லை. மறுநாளிலிருந்து டிகாக்‌ஷன் பாத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டார்.

நூறை உடனே நிறையக் குறைப்பதா, ஆறு வாரம் பார்த்துவிட்டுக் குறைப்பதா என்று இரண்டு மனம். கொஞ்சம் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். போதவில்லை. ஆறு வாரம் முடிவதற்குள் மாமி அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாமாவுக்கு விரல் நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து பரணைச் சுத்தம் செய்கிறார், பேசிக்கொண்டே சுத்தம் செய்கிறார். எண் தரையில் கிடந்தது. காபி தடுத்துக்கொண்டிருந்த அத்தனையும் இப்போது நேராக ரத்தத்துக்குப் போகிறது. ஐம்பதுக்கு இறக்கினேன். மாமி சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு கேட்டார்:

"மாத்திரையைக் குறைச்சேள், சரி. பேச்சுலேயும் ஒரு இருபத்தஞ்சு குறைக்க முடியுமா டாக்டர்?"

என் எண்

போன மழைக்காலத்தில் எனக்கே சரியில்லை. எதைப் பார்த்தாலும் அலுப்பு. முப்பது வருடம் இந்தச் சந்தில் உட்கார்ந்து என்ன செய்தேன் என்ற கேள்வி பஸ்ஸில் ஏறும்போது வந்தால் இறங்கும்வரை போகாது. மாத்திரை போதவில்லை என்று முடிவுகட்டினேன். டாக்டருக்கு இது ஒரு சௌகரியம்: தன் மனசுக்கும் ஒரு டோஸ் எழுதிக்கொள்ளலாம். இருந்தாலும் கை வரவில்லை. நோயாளிகளிடம் நான் கத்துகிற கத்து ஞாபகம் வந்தது. ரத்தம் கொடுத்தேன்.

எண் அழகாக நடுவில் இருந்தது. ஏற்றவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானராஜ் எட்டிப் பார்த்து, எண்ணைப் படித்து, டீ கிளாஸை என் முன்னால் வைத்தார்.

"அது தைராய்டு இல்ல டாக்டர். அது நீங்க."

கூட்டச் சொன்னால்

மெர்சி பிள்ளையுண்டாகி வந்தாள். நாள் தள்ளிப்போன உடனே வந்துவிட்டாள். அப்படித்தான் வரச் சொல்லியிருந்தேன். இந்த முறை மாமியார் எஸ்தர் அம்மாவும் கூட. பெரிய உடம்பு, மடியில் ஜெபப் புத்தகம். முதல் மூன்று மாதம் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான் கதி, அதனால் மாத்திரையை இன்றே எண்பத்தெட்டுக்குக் கூட்ட வேண்டும் என்றேன். எஸ்தர் அம்மா அதிர்ந்துபோனார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரையை நிறுத்துவார்கள் என்றுதான் அவர் கேள்விப்பட்டிருக்கிறார். போன பிள்ளை கலைந்ததே மாத்திரைச் சூட்டில்தான் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன பிள்ளை இருந்தபோது இவள் மாத்திரையே சாப்பிடவில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கும் பயம்தான். நான் கூட்டிய பிறகு இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால், இந்தத் தெரு என்னைப் பற்றி என்ன சொல்லும்? அதைவிட, நான் என்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்வேன்? மெர்சி சீட்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். மாமியாரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அத்த, தெருவுல சொன்னவுக வந்து பிள்ள பெறப் போறதில்ல. நாந்தான் பெறணும். நான் திங்கேன்."

ஒரே உள்ளங்கை

ஒரு மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் எண் இறங்கவில்லை, ஏறியிருந்தது. கர்ப்பத்தில் தேவை கூடும், சரி, ஆனால் இவ்வளவா? சாமுவேல் அவளை முறைத்தான். "இவ திங்கல டாக்டர். எங்கயோ போட்டுட்டு திங்கேன் திங்கேன்ங்கா." மெர்சியின் கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை. ஒருநாள் விடாமல் சாப்பிட்டேன், அத்தையைக் கேளுங்கள் என்றாள். எஸ்தர் அம்மாவும் ஆமாம் என்றார்: "என் கையாலதான் குடுக்கேன்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். எப்படிக் கொடுக்கிறீர்கள்?

அந்த வீட்டில் விடியற்காலையில் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் எஸ்தர் அம்மா ஒவ்வொருவர் கையிலும் அவரவர் மாத்திரையை வைப்பார். தனக்குச் சர்க்கரை மாத்திரை, மகனுக்கு அல்சர் மாத்திரை. மருமகளுக்குத் தைராய்டு மாத்திரையோடு, பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், எல்லாம் ஒரே உள்ளங்கையில். பிள்ளை நல்லபடியாக வர வேண்டும் என்று அதன்மேல் கைவைத்து இன்னொரு ஜெபம் வேறு. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும். ஒரு மாதமாக அந்தப் பிள்ளைக்கு வேண்டிய ஹார்மோனை அந்த வீட்டின் அத்தனை அன்பும் சேர்ந்து தடுத்திருக்கிறது.

எப்படிச் சொல்வது? வில்லன் ஒருத்தர் இருந்தால் திட்டிவிடலாம். தைராய்டு மாத்திரை எழுந்ததும் தனியாக, இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கால்சியம் ராத்திரி என்று மெதுவாகப் பிரித்துச் சொன்னேன். எஸ்தர் அம்மா கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபம் பண்ணிக் குடுத்த மாத்திரைங்க டாக்டர். அது எப்படி ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிடும்?"

குதிகாலில் ஒரு சொட்டு

அடுத்த மாதம் எண் இறங்கியது. அதற்கடுத்த மாதம் நான் ஆசைப்பட்ட இடத்துக்கு வந்தது. மெர்சி இரும்பு மாத்திரையைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள். மாமியார் முதல் வாரம் பேசவில்லையாம். பிறகு மதியத்தில் அவரே பட்டறைக்குப் போன் போட்டு, தின்னாச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். வயிறு வளர்ந்தது. பட்டறையில் யாரோ உட்காரச் சொன்னதற்கு, நான் என்ன நோயாளியா என்று சண்டை போட்டாளாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் அந்த வீணாய்ப் போன ஒரு மாதம் மறக்கவில்லை. அது பிள்ளையைத் தொட்டிருக்குமா?

பெண் குழந்தை பிறந்தது. குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லி சாமுவேலை விரட்டினேன். பச்சைப் பிள்ளையைக் குத்தணுமா என்று அவன் இழுத்தான். குத்தித்தான் ஆக வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் பார்க்க வேண்டியது என்று போனில் நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளி எழுந்து நின்றுவிட்டார். ரிப்போர்ட் என் போனுக்கு வந்த அன்று, திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ஞானராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கித் திறந்தார். குழந்தையின் எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

மறுநாள் எஸ்தர் அம்மா சீட்டு வாங்க வந்தார். பிரசவம் ஆகிவிட்டதால் மெர்சிக்குப் பழையபடி அறுபத்திரண்டரைக்கு இறக்கினேன். ஆறு வாரம் கழித்து டெஸ்ட், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று எழுதினேன். பிறகு, சும்மா சொல்கிற மாதிரி, பேத்தியின் ரிப்போர்ட் நார்மல் என்றேன். தைராய்டு குறைந்த குழந்தை சோம்பிக் கிடக்கும், அழுகை கம்மலாக வரும், அதற்குத்தான் பயந்தேன் என்றும் சொல்லிவிட்டேன். எஸ்தர் அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

"சோம்பலா? என் பேத்தியா? வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அவ அழுகையக் கேளுங்க டாக்டர். பொறவு எந்தப் பிள்ளைக்கும் ஊசி குத்தச் சொல்லமாட்டிய."

குத்தச் சொல்லுவேன், கூட்டுவேன், குறைப்பேன், நிறுத்தாதே என்று கத்துவேன். ஒரு குன்றிமணி எடைகூட இல்லாத மாத்திரைக்காக ஊர் முழுக்கத் திட்டு வாங்குவதற்குப் பெயர்தான் என் பிராக்டிஸ்.