தொடாமல் வைத்த கோப்பி

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்த பிள்ளைகள் ஆறு. நாலு நான் பெற்றது. மற்ற இரண்டும் யோர்தான் நாட்டில் நான் வேலைக்கு நின்ற வீட்டுப் பிள்ளைகள். அந்த இரண்டையும் ஏன் சேர்க்கிறாய் என்று ஊரில் கேட்பார்கள். பால் கரைத்துக் கொடுத்ததும் காய்ச்சலுக்கு மடியில் கிடத்தியதும் நான்தான். சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை.

என் புருசன் காலமான பிறகு பதினொரு வருடம் அங்கே நின்றேன். அந்த வீட்டுக்காரி என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. என் அறையில் பிள்ளையார் படம் வைத்து விளக்கேற்ற விட்டாள். வெள்ளிக்கிழமையில் எனக்கு மரக்கறி மட்டும்தான் என்பதை அவளே நினைவில் வைத்திருந்தாள். அவர்களின் கோப்பியைப் போடப் பழக்கியதும் அவள்தான். கொட்டையை இளம் பதமாக வறுத்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, சீனி இல்லாமல் காய்ச்ச வேண்டும். அந்தக் கோப்பியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறுதலாகத்தான் எழுத வரும்.

இப்போது என் மூத்த மகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு விடுதி வைத்திருக்கிறாள். குசினி என் பொறுப்பு. வயது போய்விட்டது, பேசாமல் இருங்கள் என்பாள். என்னைவிட நன்றாகச் சமைக்கிற ஒருத்தியைக் கொண்டுவா, இருக்கிறேன் என்பேன். இன்னும் ஒருத்தியும் வரவில்லை.

போன மாசியில் எட்டுப் பேர் மூன்று நாள் வந்து தங்கினார்கள். நாலு அமெரிக்கர், நாலு அரபிகள். அமெரிக்காவும் அரபு நாடுகளும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள என்ன செய்யலாம் என்று வருடத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடிக் கதைப்பார்களாம். முடிவில் ஒரே கடிதத்தில் எல்லோரும் கையெழுத்து வைத்து இரண்டு பக்கத்து அரசாங்கங்களுக்கும் அனுப்புவார்களாம். சண்டை கண்ட ஊரில் இருந்து கதைத்துப் பார்ப்போம் என்று இந்த முறை யாழ்ப்பாணம் வந்தார்களாம். எல்லாம் மகள் இங்கிலிசில் கேட்டு எனக்குச் சொன்னது.

அமெரிக்கருக்குத் தலைவி, வெள்ளைத் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு நெட்டை மனுசி. முன்பு அவர்களின் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவ. அரபிகளில் மூத்தவர் யோர்தானின் பாலைவனப் பக்கத்துக் குடும்பம், என் வயதுதான் இருக்கும். நான் அரபியில் சுகம் கேட்டதும் மனுசன் திகைத்துப்போய் என்னை "ஹஜ்ஜா" என்றார். மக்காவுக்குப் போய்வந்தவள் என்று பொருள். வயது போன பெண்களை அங்கே மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு நான் நின்றேன். மகள் குசினிக்குள் போய்ச் சிரித்தாள்.

"அம்மா, இனி உங்களுக்கு மக்காவுக்கும் ரிக்கெற் எடுக்கவேணும்."

"எடு. நீயும் வா, என்ரை பையைத் தூக்க."

அவர்களுக்கு யோர்தான் கோப்பியே போட்டேன். அதைக் கால் கோப்பைதான் வார்க்க வேண்டும். நிறைய வார்த்தால் எழும்பிப் போ என்று பொருள். போதுமென்றால் கோப்பையைக் குலுக்கிக் காட்ட வேண்டும். அது தெரியாத ஒரு அமெரிக்கர் முதல் நாளே ஏழு கோப்பை குடித்துவிட்டுக் கை நடுங்கத் திரிந்தார். பாவம் என்று பிறகு நான்தான் குலுக்கக் காட்டிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் விறாந்தையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கோப்பி வார்த்தேன். அந்த யோர்தான் பெரியவர் வாங்கி முன்னால் வைத்தார். தொடவில்லை. ஆறிப்போனதை விருந்தாளிக்கு முன்னால் விட்டுவைப்பது எங்கள் பழக்கமில்லை. எடுத்துக்கொண்டு போய்ச் சூடாகக் கொண்டுவந்தேன். அதையும் தொடவில்லை. புதிதாக வறுத்து மூன்றாவது கோப்பை கொண்டுபோனேன். அதுவும் அப்படியே இருந்தது. என் முகம் சுருங்கிப்போனது.

"மனுசன் கோவத்திலை இருக்கிறார் போலை," என்றாள் மகள். "எங்கடை ஆக்களும் பகையெண்டால் தண்ணி தொடமாட்டினமே."

"பகையெண்டால் அவையோடை. என்ரை கோப்பி அவருக்கு என்ன செய்தது?"

பிறகுதான் அவள் விசயத்தைச் சொன்னாள். கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பெரியவர் கேட்கிறாராம். அந்த வரி இருந்தால் தங்கள் ஆட்கள் முழுக் கடிதத்தையும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள் என்று அமெரிக்க மனுசி மறுக்கிறாவாம். ஒரு மணித்தியாலமாக அவர் வாய் திறக்கவில்லை. கோப்பிகூடக் குடிக்கிறாரில்லை, போக முடிவெடுத்துவிட்டார் என்று அவ தன் ஆட்களிடம் சொல்லிவிட்டாவாம். கையெழுத்து வைக்காமல் அவர் எழும்பினால் இத்தனை வருடக் கதையும் எங்கள் விறாந்தையிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் என் மணிக்கட்டில் யோர்தான் வீட்டுக்காரியின் கை நினைவுக்கு வந்தது.

அங்கே ஒருநாள் ஐந்தாறு ஆண்கள் வந்து, கொடுத்த கோப்பியைத் தொடாமல் வைத்துவிட்டு இருந்தார்கள். அவர்களின் பொடியன் ஓட்டிய கார் எங்கள் வீட்டுக்காரரின் மருமகனை அடித்திருந்தது. நான் கோப்பைகளைப் பொறுக்கப் போனேன். வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள். "விடு. அவை ஒண்டு கேட்க வந்திருக்கினம். என்ன வேணுமெண்டு வீட்டுக்காரர் கேட்டு, அதுக்கு ஓமெண்டால்தான் குடிப்பினம்," என்றாள்.

பெரியவருக்குக் கோபமில்லை. அவர் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் இரண்டு தரம் அவருடைய வேண்டுகோளை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிக் கழுவியிருக்கிறேன். அவருடைய ஆட்களுக்கு அது தெரியாமல் இராது. ஆனால் கேட்கிற பக்கம் அதை விளக்கிச் சொன்னால் மரியாதை போய்விடும். வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். இந்த வீட்டுக்கு வீட்டுக்காரி நான் அல்லவா?

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றேன். "ஐயா, கோப்பி ஆறுது. இந்த வீட்டிட்டை என்ன கேட்க வந்தனீங்கள்?" என்று அரபியில் கேட்டேன்.

மற்ற அரபிகள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்தார்கள். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹஜ்ஜா, நீ எங்கடை நாட்டிலை ஆரின்ரை வீட்டிலை நிண்டனி?"

"நல்ல வீட்டிலை நிண்டனான்."

தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தே சொன்னார். மொழிபெயர்க்க வந்த பெண் பிள்ளை இங்கிலிசில் சொல்லிக்கொண்டு வந்தது.

"என்ரை பேத்திக்கு அமெரிக்காவிலை படிக்க இடம் கிடைச்சு இரண்டு வருசம். விசா ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை. அவளைப்போலை கனக்கப் பிள்ளையள். விசா தா எண்டு நான் கேக்கேல்லை. ஒரு தவணைக்குள்ளை பதில் தா எண்டு ஒரு வரி எழுதச் சொல்லுறன். பதிலே வராத பிள்ளைக்கு அவையைப் பற்றி நான் என்னெண்டு நல்லாச் சொல்லுறது?"

விசாவுக்குக் காத்திருக்காத வீடு யாழ்ப்பாணத்தில் எது? என் இரண்டாவது மகன் மூன்று வருடம் தபால்காரனின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"அதைத் தர என்னாலை ஏலாது," என்றேன். "ஏலுமானவ இஞ்சைதான் இருக்கிறா."

அமெரிக்க மனுசி மகளிடம் என்னவென்று கேட்டா. நான் சொல்லச் சொல்ல மகள் கோப்பியின் கதையை இங்கிலிசில் சொன்னாள். எத்தனை கோப்பை என்று கேட்டா. மூன்று என்றதும் கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டா. பிறகு கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு இருந்தா.

"விசா தர என்னாலையும் ஏலாது. வரியை எழுதுவன். ஒதுக்கி வைச்சால் என்ரை கையெழுத்தோடையே ஒதுக்கி வைக்கட்டும்" என்றா.

எழுதினா. அதை அரபியில் வாசிக்கச் சொல்லி அவர் கேட்டார். "கூடிய கெதியில்" என்ற இடத்தில் நிறுத்தி, "தொண்ணூறு நாளுக்குள்" என்று மாற்றச் சொன்னார். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு மாற்றினா. அதன் பிறகு அவர் அந்த ஆறின கோப்பியை எடுத்து அடிமட்டும் குடித்தார்.

"சூடாக் கொண்டுவரட்டோ?" என்று கேட்டேன்.

"நீ கொண்டுபோன மற்ற இரண்டையும் கொண்டுவா."

எட்டுப் பேரும் கையெழுத்து வைத்தார்கள். கடிதம் போய்விட்டது என்று அமெரிக்க மனுசி பிறகு மகளுக்கு எழுதினா. அந்தப் பேத்திக்கு இன்னும் பதில் வரவில்லையாம். ஆனால் வருகிற வருடமும் எட்டுப் பேரும் கூடுவார்களாம். இரண்டு பக்கத்து ஆட்களும் வாசிக்க ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறார்களாம். அன்றைக்கு நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தா. ஐந்தாம் வகுப்புக்காரியிடம் கேட்டதற்கு அவவுக்கு நன்றி. யோர்தான் வீட்டுக்காரி இப்போது இருக்கிறாளோ தெரியாது. இருந்தால் சுகமாக இருக்கட்டும். அவள் என் கையைப் பிடித்திராவிட்டால் மூன்றாவது கோப்பையையும் கழுவித்தான் வைத்திருப்பேன்.

நாலு நாளாக எழுதி இன்றைக்கு முடித்தேன். என் பேத்தி இப்போதுதான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறாள்.

"பிள்ளை, சாப்பிட்டிட்டு இதை ஒருக்கால் எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழையைத் திருத்து, அது உன்ரை வேலை. அந்த மனுசன் சொன்னதிலை மட்டும் கை வைக்காதை."