அத்தான் தூர்த்த வாய்க்கால்

என் அக்கா கணவரின் குடும்பமே வாய்க்கால் வெட்டிய குடும்பம். கடலோரச் சதுப்பில் ஏறி இறங்கும் உப்புத் தண்ணீரை வடித்து வயலாக்க, அவருடைய தாத்தா காலத்தில் வெட்டியவை அந்த வாய்க்கால்கள். வடிந்த நிலம் மெல்ல அமுங்கித் தாழ்ந்தது. பயிரும் போயிற்று, பழைய சதுப்புப் புல்லும் போயிற்று. வாய்க்கால்களைத் தூர்த்துச் சதுப்பை மீட்க ஆள் எடுத்தபோது அத்தான்தான் முதலில் போய் நின்றார்.

“தாத்தா வெட்டினாரு, பேரன் மூடுறான். ரெண்டுக்கும் கூலி உண்டு மச்சான்” என்று சிரிப்பார்.

மேட்டில் மட்டும் மிஞ்சி நிற்கும் புல்லை அறுத்து வாய்க்காலுக்குள் பரப்பி, கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். கடல் ஏறும்போதெல்லாம் வரும் சேறு அதில் தங்கும். பாலில் ஏடு படிவதுபோல் மேலே ஒரு தோல் படியும். பார்த்தால் தரை, கால் வைத்தால் ஆள் ஆழம். வேலை நன்றாக நடக்க நடக்க, வாய்க்கால் இருக்கும் இடமே தெரியாமல் போனது. அதனால் அத்தான் இரு கரையிலும் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டு வைத்தார்.

“அது மேல கால வச்சுடாதீங்க” என்று அக்கா தினமும் சொல்வாள்.

“நான் போட்ட மெத்தைடி. என்னையே முழுங்குமா?”

“மெத்தைக்கு ஆள் தெரியுமா?”

அவர் கால் வைக்கவே மாட்டார். சின்ன வயதிலிருந்து வாய்க்காலைத் தாவிப் பழகிய கால். அந்தந்த இடத்தில் தானாக எம்பும். வெறும் தரையில் ஒரு மனிதர் திடீர் திடீரென்று குதித்துப் போவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

இரண்டாம் வருடம் சேற்றில் முதல் தளிர் வந்தது. அதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. முந்தின நாள் விடியலில் கடல் பெரிதாக ஏறிக் குச்சிகளையெல்லாம் வாரிக்கொண்டு போனது.

“பசங்க பார்த்துப் பார்த்தா நடப்பாங்க? அது மேல ஓடிடுவாங்கடி” என்றபடி, தண்ணீர் வற்றியதும் புதுக் குச்சிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நானும் அக்காவும் தேடிப் போனோம். ஒரு கரை முழுக்கக் குச்சிகள் நேர்கோட்டில் நின்றன. எதிர்க்கரையில் ஒன்றுகூட இல்லை. மிச்சக் கட்டு நடுவில், சேற்றின் மேல் கிடந்தது. சுமையோடு எம்பியிருக்கிறார், எட்டவில்லை. தோல் மறுபடி மூடியிருந்தது, பளபளவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஆட்கள் பலகை போட்டு அவரை எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா அழவில்லை. சேற்றிலிருந்து எடுத்த குச்சிக் கட்டை என் கையில் கொடுத்தாள்.

“அந்தப் பக்கமும் நட்டுட்டு வா. காலையில பசங்க வந்துடுவாங்க.”

நான் தாவவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். கடைசிக் குச்சியை நடும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.