பாவடியில் கேட்ட பாதிப் பாட்டு

இன்று காலை புதுவேட்டியைப் பிரித்தபோது எழுந்த கஞ்சி மணம், இப்போது வீடுகளால் நிறைந்துவிட்ட ராசிபுரத்துப் பாவடிக்கு என்னைக் கொண்டுசேர்த்தது. நெசவுக்கு முன் பாவு நூலை நெடுகக் கட்டி, கஞ்சி தோய்த்து, அது உலர்வதற்குள் இழை இழையாக நீவிக்கொண்டே நடக்கும் மைதானம் அது.

பதிகம் என்றால் அப்பாவுக்கு தேவாரம் பாடும் ஓர் அம்மையாரின் குரல்தான்; பாவடி ஓரத்து டீக்கடை வானொலியில் அது எழுந்தால் வேலையை மறந்து கண்மூடி நிற்பார். ஒருநாள் கஞ்சி தோய்த்த சற்றைக்கெல்லாம், அம்மையார் காலமானார் என்ற செய்தியும், அதைத் தொடர்ந்து அவர் பாட்டும் வந்தன. அப்பா பாவை விட்டு நகர்ந்தார்.

"ஏனுங்க, இப்பப் போனா கஞ்சி காஞ்சு இழையெல்லாம் ஒட்டிக்குமுங்க," என்றாள் அம்மா.

"அந்தம்மா இனிமே பாடுமா, புள்ள?" என்று கேட்டுவிட்டு, அப்பா திரும்பி வந்தார்.

டீக்கடைப் பக்கம் இருந்த பாவின் இக்கோடியில் பாட்டின் இரண்டு அடி கேட்கும். அக்கோடிக்குப் போவதற்குள் குரல் தேய்ந்துவிடும். கண்ணைத் துடைக்கவும் கை ஒழியாமல் அவர் நீவிக்கொண்டே நடக்க, உடன் நடந்த எனக்கு, அவருக்குப் பாடிக்காட்ட மனப்பாடமான பதிகம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

பாவு உலர்ந்ததும் கைகழுவாமலே டீக்கடைக்கு ஓடினார். பாட்டு முடிந்து, வானொலியில் மஞ்சள், பருத்தி விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அது முடியும்வரை நின்று கேட்டார்.